ஒரே ராத்திரிக் காயம்

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்கள் கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாக நிற்கிறது. வியர்வை காய்வதற்குள் பூசினால் அப்படித்தான். அடுத்த முறை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டுப் போடுங்கள். பழக்கதோஷம். யாரைப் பார்த்தாலும் என் கண் அங்கேதான் போகும்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். மறைத்துப் பேச இனி எனக்குத் தெம்பில்லை.

அவள் என் தம்பி மகள். தம்பி இறந்துபோனபோது அவளுக்குப் பால் பல்கூட விழவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். தம்பி மனைவி தையல் மெஷினை மிதித்தாள், நான் சீரியல்களில் அழுகிற மாமியார்களுக்கு மேக்கப் போட்டேன், இருவருமாகத்தான் அவளை ஆளாக்கினோம். அவள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டு, போகிற இடத்திலெல்லாம் லைட்மேனிலிருந்து டைரக்டர்வரை எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

நடிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்று அழைத்துப் போனேன். கிடைத்ததெல்லாம் பேயின் முதுகுதான். தலைமுடி நீளமாக இருந்ததால் பேய் திரும்பி நிற்கும் காட்சியென்றால் இவளைக் கூப்பிடுவார்கள், பேய் திரும்பிப் பார்க்கும் காட்சிக்கு வேறொருத்தி வருவாள். "உன் மூஞ்சி எப்போதாம்மா வரும்?" என்று தெரிந்தவர்கள் எல்லாம் கிண்டல் செய்வார்கள். இவளும் சேர்ந்து சிரிப்பாள், வீட்டுக்கு வந்து அழுவாள்.

எனக்கும் கிண்டல் உண்டு. "பெரியப்பா மேக்கப் போட்டா பேய்கூட கல்யாணத்துக்குக் கிளம்புன மாதிரி இருக்கும்" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்போதுதான் இந்தப் பேய்த்தொடர் வந்தது. ஆறே பகுதி. கதை முழுக்க ஒரே ராத்திரி. ஒரு பெண் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிறாள், கதவுகள் அவளை வெளியே விடுவதில்லை, விடிகிறவரை ஓடுகிறாள். ஒரு பழைய கோடவுனுக்குள் வீடு மாதிரி செட் போட்டிருந்தார்கள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. முதலில் நடிக்க வந்தவளுக்குக் கால் சுளுக்கியது. அன்றைக்கே ஆளை மாற்றிவிட்டார்கள். அந்த இடம் இவளுக்குக் கிடைத்தது. முதல் முறையாக முகம்.

முதல் நாள் காலை, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிற ஷாட். பிளைவுட் கதவில் தச்சர் அடிக்காமல் விட்ட ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. இடது தோள்பட்டை எலும்புக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. வாயைத் திறக்காமல் மேக்கப் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"பெரியப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கால் சுளுக்குனதுக்கே அந்தப் பொண்ணை அனுப்பிட்டாங்க. என்னையும் அனுப்பிடுவாங்க."

கதைப்படி அடுத்த ஷாட்டில் கதவு அவளைக் கடித்த மாதிரி அதே இடத்தில் ஒரு காயம் வர வேண்டும். நான் ஒரு வாரமாக மெனக்கெட்டுச் செய்த மெழுகுக் காயம் டப்பாவில் தயாராக இருந்தது. அதை ஒட்டினால் அடியில் இருக்கிற நிஜக் காயம் பிள்ளைக்கு எரியும். ஒட்டாமல் விட்டேன். ஓரத்தில் கொஞ்சம் சிவப்புச் சாயம் மட்டும் தொட்டு அனுப்பினேன். இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "யோவ் பெரியப்பா, இவ்வளவு நாளா இந்தக் கையை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். கேமராமேன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "ஒரு மணி நேரம் உட்கார வச்சு போட்டாரு, முதுகே போயிடுச்சு" என்று எல்லோரிடமும் அவளேதான் அளந்துவிட்டாள். எனக்காகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

கதை ஒரு ராத்திரி, ஷூட்டிங் ஐந்து வாரம். இதுதான் எங்கள் தொழிலில் உள்ள வம்பு. முதல் நாள் இருந்த காயம் கடைசி நாளும் அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். முதல் நாள் எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு முடி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

காயம் நல்ல காயம். நாலைந்து நாளில் பக்குக் கட்டிவிட்டது. என் மெழுகுக் காயத்தை அதற்கு மேலே ஒட்டினேன். போட்டோப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். டைரக்டர் பார்த்துவிட்டு, "என்ன பெரியப்பா, மெழுகுவத்தி மாதிரி இருக்கு?" என்றார். அவர் மேலும் தப்பில்லை. சேனல்காரர்கள் அதுவரை எடுத்ததைப் பார்த்துவிட்டு, கதை சுமார், ஆனால் அந்தக் காயம் ராத்திரி தூங்கவிடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். "நாளைக்கும் இப்படின்னா வெளியிலேருந்து ஆள் கூப்பிட வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

 வெளியாள் வந்தால் சட்டையைக் கொஞ்சம் விலக்கியதுமே உண்மையான காயம் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அவளை அனுப்பிவிடுவார்கள். மறுபடி பேயின் முதுகு. நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன செய்திருக்க முடியும்?

மறுநாள் காலை வெந்நீரில் பஞ்சை நனைத்து அந்தப் பக்கை ஊறவைத்து எடுத்தேன்.

"எரியுது பெரியப்பா."

"சுத்தம் பண்றேன்மா. பக்கு இருந்தா உள்ளே சீழ் வைக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு டைரக்டர் மறுபடி எழுந்து நின்றார்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். காலையில் கண் விழிக்கும்போதே அது ஆறியிருக்குமோ என்பதுதான் எனக்கு முதல் நினைப்பு. ஆறவிடாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுப்பசை தடவுவேன், மாலையில் அதை உரித்து எடுப்பேன். "இது ஏன் பெரியப்பா ஆறவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். "உன் ரத்தவாகு அப்படி. உங்கப்பனுக்கும் இப்படித்தான்" என்றேன். தம்பிக்கு அப்படியெல்லாம் கிடையாது. இவள் நம்பினாள். அப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

தம்பி மனைவி வீட்டில் காயத்தைக் கவனித்துவிட்டாள். மருந்துக்கடையில் கேட்டு, புண் ஆற மாத்திரை வாங்கி என் கையில் கொடுத்தாள். "அவ மறந்துடுவா. நீங்க வேளாவேளைக்குக் குடுத்துடுங்க மாமா. உங்க கண்ணு முன்னாடி இருக்காளேன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன்." அந்த மாத்திரைகள் என் மேக்கப் பெட்டியின் அடித்தட்டில் இருந்தன. நீங்கள் எடுத்தீர்களே, அவைதான். நான் அவளுக்குக் கொடுத்தது சத்து மாத்திரை. அதுவும் உடம்புக்கு நல்லதுதானே.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. கண் பளபளத்தது, உதடு காய்ந்தது, கை நடுங்கியது. "பிரமாதமா பண்றா உங்க பொண்ணு" என்றார் டைரக்டர். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவியது. போட்டோவில் அது விரல் நீளம். நிஜத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது. அதிகப்படியாக இருந்ததைத் தோல் நிறச் சாயம் போட்டு மூடினேன். நான்கு நிறம் கலந்தேன், காய்ச்சல் ஏற ஏற நிறமும் மாற்ற வேண்டியிருந்தது. சாதாரண வேலையில்லை ஐயா. யூனிட் நர்ஸ் ஒருநாள் உடம்பு சுடுகிறதே என்று பார்க்க வந்தவள் காயத்தைப் பார்த்துப் பதறினாள். பிறகு தன் தலையிலேயே தட்டிக்கொண்டு, "ச்சே, மேக்கப்பைப் பார்த்து நானே ஏமாந்துட்டேன்" என்று சிரித்தாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம், கடைசி ஷாட் ஒன்றுதான் பாக்கி. கதவு தானாகத் திறக்கும், வெளிச்சம் வரும், அவள் வெளியே நடப்பாள். அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

"பெரியப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். வாய்ப்பு போனா போகட்டும். எனக்குப் பயமா இருக்கு."

கேட்டீர்களா ஐயா? வாய்ப்பு போனால் போகட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைக்கத்தான் நினைத்தேன்.

"ஒரே ஒரு ஷாட்தான்டா கண்ணு. முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிதான்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூட வேண்டியதை மூடினேன்.

கதவு திறப்பதற்குள் விழுந்துவிட்டாள்.

டைரக்டரின் வண்டியில்தான் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. அவசரப் பிரிவில் நர்ஸ் ஒரு நிமிடம் திகைத்துப்போய் நின்றாள். "இதுல எது நிஜம், எது மேக்கப்?" என்று கேட்டாள்.

"எல்லாமே மேக்கப்தான்மா. தொட்டுடாதீங்க, ஒரு ஷாட் பாக்கி இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டைரக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான்.

அவர்களும் நம்பிவிட்டார்கள். என்ன சாப்பிட்டாள், எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று விசாரித்தார்கள், ரத்தம் எடுத்து எதை எதையோ தேடினார்கள். சாயங்காலம் வந்த டாக்டர் குனிந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார், தன் கையாலேயே துடைத்தார். சாயம் பஞ்சில் வந்துகொண்டே இருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.  அதற்குள் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மறுநாள் போய்விட்டாள்.

தம்பி மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கி, "மாத்திரை குடுத்தீங்கதானே மாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கொடுத்தேன் என்றேன். அவள் மனம் உடைந்துவிடக் கூடாதே என்றுதான்.

அவளுக்காகத்தான் செய்தேன். அவள் முகம் வர வேண்டும் என்று செய்தேன். வந்துவிட்டது. கடைசி ஷாட் இல்லாமலேயே போன வாரம் தொடரைப் போட்டார்கள். ஊரே பார்த்தது. ஆறு பகுதியும் உட்கார்ந்து பார்த்தேன்.

உங்கள் மேசையில் இரண்டு போட்டோ வைத்திருக்கிறீர்கள். ஒன்று முதல் நாள் எடுத்தது, மற்றது விழுவதற்குச் சற்று முன்னால் எடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எது எந்த நாள் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? அந்தப் போட்டோப் பெண்ணால்கூட முடியவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. டைரக்டர் இல்லை, சேனல் இல்லை, ஆணி இல்லை. வாக்குமூலத்தில் என் பெயரைத் தெளிவாக எழுதுங்கள் ஐயா. தொடரின் கடைசியில் ஓடிய பெயர்களில் என் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள்.