மெல்லிய நரம்பும் இருவர் பிடித்த தூண்டிலும்

காலையிலிருந்து நாற்காலியை விட்டு நகராமல் இந்தக் கூட்டத்தைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, ஏரிக்கரையில் என்னைவிட அதிகம் வெயில் கண்ட மூத்தவர்களே, வீட்டு வேலையில் பாதியை முடித்துவிட்டு மீதியை மனத்தில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, தூண்டிலைத் தோளிலும் தோல்வியைப் பையிலும் சுமந்து பழகிய சங்கத்துத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் களைத்துப்போன ஒருவனின் கனிந்த வணக்கம்.

தூண்டில் கழியில் மாட்டும் பெய்ட்காஸ்டிங் ரீலில் மெல்லிய தூண்டில் நரம்பு போடலாமா, கூடாதா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பின்வரிசையில் ஒருவர் சுருக்கமாகப் பேசச் சொல்கிறார். ஐயா, நானும் வீடு போய்ச் சேரத்தான் பார்க்கிறேன்.

இந்த ரீலில் வீசும்போது நரம்பு சுற்றியிருக்கும் உருளையே சுழல்கிறது. தடித்த நரம்பும் கனத்த இரையும் என்றால் தகராறு இல்லை. மெல்லிய நரம்பில் சின்ன இரையைக் கட்டினால், இரை தயங்கினாலும் உருளை தயங்காது. வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே புரண்டு, பின்னி, குருவிக்கூடாகிவிடும். தண்ணீர் தெளிந்துவிட்டால் மீனோ தடித்த நரம்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "அப்புறம் எதற்கு இந்த வம்பு? உருளை சுழலாத ஸ்பின்னிங் ரீல் வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அத்தான்.

அத்தான் வெல்டர். இரும்போடு இரும்பைச் சேர்த்த கைகள் அவருடையவை. பக்கவாதம் வந்து இடப்பக்கத்தை வாரிக்கொண்டு போனது. பேச்சும் குழறியது. பேசினால் எதிரில் இருப்பவர் "என்ன?" என்று கேட்கிறார் என்பதால் பேசுவதையே விட்டுவிட்டார். சோறு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் என் அக்காதான். பகலில் தையல் கடை, மற்ற நேரமெல்லாம் அத்தான். அக்கா கண்ணாடி பார்த்ததை நான் பார்க்கவில்லை. அக்கா முழுதாய் ஒரு டீ குடித்ததை நான் பார்க்கவில்லை. அக்கா அழுததையும் நான் பார்க்கவில்லை. அதற்கும் நேரம் வேண்டுமே?

ஒருநாள் அத்தான் பரணைக் கைகாட்டினார். அங்கே அவருடைய பழைய தூண்டில் இருந்தது. ஸ்பின்னிங் ரீலில் வீசுவதற்கு முன் நரம்பைத் தடுத்திருக்கும் கம்பியைத் திறக்க இன்னொரு கை வேண்டும். பெய்ட்காஸ்டிங் ரீலில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே கையின் கட்டைவிரல் உருளையை விடுவிக்கும், அதே கை வீசும், அதே விரல் நிறுத்தும். வீசிய பிறகு சுற்றத்தான் கை இல்லை. அதனால் இடப்பக்கம் சுற்றும் பிடியுள்ள ரீலை வாங்கி, ஆழமில்லாத இலேசான உருளையைப் போட்டு, மெல்லிய நரம்பைச் சுற்றிக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்த அத்தானின் இடப்பக்கம் அக்கா நின்றாள். அவர் வீசுவார், அவள் சுற்றுவாள்.

என்ன ஆயிற்று என்கிறீர்களா? சிக்கல்தான் ஆயிற்று. மெல்லிய நரம்பைத் தளர்வாகச் சுற்றினால் ஒரு சுற்று இன்னொரு சுற்றுக்குள் புதைந்துவிடும்; அடுத்த வீச்சில் அங்கேயே மாட்டும். விரலிடுக்கில் பிடித்து இறுக்கமாய்ச் சுற்ற வேண்டும் என்பதை அக்கா பழகுவதற்குள் கரையெல்லாம் குருவிக்கூடு. அத்தான் முறைப்பார். அக்கா, "என்னைப் பாக்காதீங்க, உருளையைப் பாருங்க" என்பாள். சண்டைதான். ஆனால் பல மாதங்களாகச் சண்டைகூட இல்லாத வீடு அது.

போன போட்டியில் பெரிய மீன் ஒன்று கடித்தது. அக்காவின் கை தூக்கியும் இழுத்தும் பழகிய கை. அவள் வேகமாகச் சுற்றப் போனாள். அத்தான் தலையை ஆட்டித் தடுத்தார். மீன் ஓடும்போது நரம்பை விட்டார்கள். நின்றபோது சுற்றினார்கள். மறுபடி ஓடியது, மறுபடி விட்டார்கள். அந்த நரம்பைப் பலத்தால் இழுத்திருந்தால் பட்டென்று அறுந்திருக்கும். பொறுமையால் இழுத்தார்கள், வந்தது. அன்றைக்கு வந்ததிலேயே பெரிய மீன்.

ஆனால் நம் சங்கத்தின் விதி என்ன? ஒரு தூண்டிலை ஒருவரே பிடிக்க வேண்டும். நடுவராக இருந்த பல் டாக்டர் தலை குனிந்தபடி, "செல்லாதுக்கா, எனக்கே கஷ்டமா இருக்கு" என்றார். அக்கா கோபப்படவில்லை. "பரவாயில்ல தம்பி. மீனத் தண்ணில விட்டுடுங்க. நான் கொஞ்சம் உக்காரணும்" என்றாள்.

உட்கார்ந்தவள் அப்படியே புல்லில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வருகிறேன். அத்தான் தன் நிழல் அவள் முகத்தில் விழும்படி நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். மடியில் ரீல். சிக்கிய நரம்பை ஒற்றைக் கையாலும் பல்லாலும் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் அக்காவைத் தொடப் போனேன். அத்தான் வாய் திறந்தார். குழறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் புரிந்தது.

"எழுப்பாத. ரொம்ப நாளா தூங்கல."

யாரை யார் பார்த்துக்கொண்டார்கள், தோழர்களே? அந்தக் கரையில் நோயாளி யார், துணை யார்? ஒருவர் விட்டுக்கொடுக்க, ஒருவர் சுற்றியெடுக்க, அறுந்துவிடும் என்று ஊரே சொன்ன நரம்பு அறாமல் நின்றதே, அதைச் செல்லாது என்று சொல்ல ஒரு விதி நமக்கு வேண்டுமா?

கை இயலாதவர் துணையோடு தூண்டில் பிடிக்கலாம் என்ற திருத்தம் தலைவர் மேசையில் இருக்கிறது. அந்தப் பல் டாக்டர்தான் முன்மொழிந்திருக்கிறார். அந்த மீனுக்குப் பரிசு கேட்டு நான் வரவில்லை, அது நீந்திக்கொண்டிருக்கட்டும். இனி வருகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

என் களைப்பைப் பொறுத்த அவைக்கு நன்றி, உடன்படாதவர்களுக்கும் வணக்கம். இப்போது கைதட்ட வேண்டாம். தட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். உயர்த்துவதற்கு ஒன்று போதும்.