சாக்பீஸ் பாத்ரூம்

ஐயோ, அங்க நிக்காதீங்க மேஸ்திரி. கமோடு மேல நிக்கிறீங்க.

சிரிக்காதீங்க, கீழ பாருங்க. சாக்பீஸ் கோடு தெரியுதா? அந்த வட்டம்தான் கமோடு. பக்கத்துல சதுரமா இருக்கிறது வாஷ்பேசின். உங்க பையை வச்சிருக்கீங்களே, அது ஷவருக்கு நேர் கீழ இருக்கு. எல்லாம் எங்கப்பா வரைஞ்சது. அசல் அளவு, ஒரு இஞ்ச் பிசகாது. சோபாவை ஓரமா தள்ளிட்டு ரெண்டு நாளா கூடத்துல பாத்ரூம் கட்டிட்டு இருக்காரு மனுஷன். தரையில வரைஞ்சு உக்காந்து பாத்தாதான் முட்டி எங்க இடிக்குதுன்னு தெரியுமாம்.

இருங்க, எங்க கிளம்பிட்டீங்க? நிஜ பாத்ரூமைப் பாக்கவா? அது எங்க ஓடிப்போகுது, இடிக்கத்தானே போறோம். முதல்ல இதைப் பாருங்க. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே வந்த மேஸ்திரின்னு உங்களுக்குச் சிலையே வைக்கலாம். வந்தது வந்துட்டீங்க, பொறுமையா கேளுங்க. குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கோங்க. எனக்குத் தலைவலி.

எங்கண்ணன் வெளிநாட்டுல இருக்கான். வருஷத்துல நாலு நாள் இங்க வந்து குளிக்கிறவன். அதனால அவனுக்குத்தான் இந்த பாத்ரூம் மேல அக்கறை ஜாஸ்தி. போன்ல படம் படமா அனுப்புறான். படுத்துக் குளிக்கிற தொட்டி வேணுமாம். இருக்கிற இடமே அஞ்சுக்கு ஏழு. குருவி தலையில பனங்காய். தொட்டியை இங்க வச்சா கமோடை மொட்டை மாடியிலதான் வைக்கணும். அப்புறம் சுவரெல்லாம் கறுப்பு டைல்ஸ். சோப்புக் கறை ஒண்ணு விடாம தெரியும். தேய்க்கிறது அவனா? கதவு கண்ணாடியில வேணுமாம். அதுவும் யாருக்கு? எங்கம்மாவுக்கு! உள்ளாடையைக்கூட துண்டுக்கு அடியில மறைச்சுக் காயப்போடுற ஆளு. அது என்னைக்கும் காயாது, அது வேற கதை. கடைசியா மூலையில ஒரு செடி. மனசுக்கு அமைதியா இருக்குமாம். வந்து தண்ணி ஊத்துவானான்னு கேட்டேன், நெட்வொர்க் சரியில்லன்னு வச்சுட்டான்.

அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். கமோடு பக்கத்துல பேப்பர் வைக்க ஒரு பலகை. உள்ள போனாருன்னா தலைப்புச் செய்தியில ஆரம்பிச்சு வரி விளம்பரம் வரைக்கும் முடிச்சாத்தான் வெளிய வருவாரு. வெளிய நிக்கிறவங்க பாடு கடவுள் விட்ட வழி.

நானா? நான் என்ன கேட்டுடப் போறேன். வழுக்காத டைல்ஸ். இப்ப இருக்கிறதுல முகம் பாத்துத் தலை சீவலாம்னு சொல்லித்தான் கடைக்காரரு வித்தாரு. சீவலாம், நிக்கத்தான் முடியாது. அப்புறம் தரை வாட்டம் தண்ணி போற ஓட்டையைப் பாத்து இருக்கட்டும். இப்ப என்னடான்னா தண்ணி எல்லாம் கதவுகிட்ட வந்து நின்னு வரவேற்பு குடுக்குது. குளிக்கிற இடம் ஒரு பக்கம், காஞ்ச இடம் ஒரு பக்கம். ஷவர்கிட்டயும் கமோடுகிட்டயும் பிடிச்சு எந்திரிக்கக் கம்பி. துண்டு போடுற கம்பி இல்ல, ஆளே தொங்கினாலும் பேர்ந்து வராத கம்பி. குழாய் குனியாம கைக்கு எட்டணும்.

அந்த வளைவுக் கோடா? அதுதான் கதவு. ஆமா, வெளிப்பக்கம் திறக்குது. தப்பா எல்லாம் வரையல.

தெரியும் மேஸ்திரி. ஊருல எல்லார் வீட்லயும் உள்பக்கம்தான் திறக்குது. கதவுல இருந்து ஈரம் நடையில சொட்டும், மிதியடி போட்டுக்கிறோம். வாஷிங் மெஷின்ல இடிக்கும், அதைக் கூடத்துக்குக் கொண்டு வந்துடுறோம். வர்ற விருந்தாளிங்க சோபாவுல உக்காந்து துணி சுத்துறதைப் பாக்கட்டும். டிவியில மட்டும் என்ன வாழுது. நீங்க தொட்டி வேணும்னாலும் போடுங்க, செடி என்ன, தோப்பே வைங்க, நான் வாயே திறக்க மாட்டேன். கதவு மட்டும் வெளிப்பக்கம். தாழ்ப்பாளும் அவசரம்னா வெளியிலேர்ந்து திருப்புற மாதிரி வேணும்.

பக்கவாட்டுல இழுத்துத் தள்ளுற கதவா? அது நல்ல நாள்லயே நகராது. வேணாம்... ஐயோ, அந்தப் பக்கம் போகாதீங்க. இங்கயே நில்லுங்க, சொல்லிடுறேன்.

அம்மா உள்ள வழுக்கி விழுந்துட்டாங்க. கொஞ்ச மாசம் ஆச்சு. விழுந்தது சரியா கதவை அடைச்சுக்கிட்டு. கையை எட்டித் தாழ்ப்பாளை அவங்களே எடுத்துட்டாங்க. எடுத்து என்ன? நாங்க தள்ளினா கதவு அவங்க இடுப்புலதான் முட்டுது. தள்ளத் தள்ள வலியில அலறுறாங்க. அண்ணன் போன்ல உடை, உடைங்கிறான். யார் மேல உடைக்கிறது? கழட்டலாம்னா கீல் எல்லாம் உள்பக்கம். கடைசியில பக்கத்து வீட்டுக்காரருதான் வென்டிலேட்டர் கண்ணாடியை எடுத்துட்டு உள்ள இறங்கினாரு. நல்ல மனுஷன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே முதல் காரியமா துண்டை எடுத்துப் போட்டாராம். இடுப்பு சரியாயிடுச்சு. அம்மா மட்டும் இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் தலையைத் திருப்புறதில்ல.

அதுலேர்ந்து அம்மா கதவைச் சாத்துறதில்ல மேஸ்திரி. ஆமா, குளிக்கும்போதுதான் சொல்றேன். நேத்து அப்பா எங்களை இந்தக் கோட்டுக்குள்ள விட்டு ஒத்திகை பாத்தாரு. கதவைத் திற, உள்ள போ, சாத்து, குழாயைத் திறன்னு. நான் காத்துலயே தலைக்குக் குளிச்சு முடிச்சேன். அடுத்து அம்மா போய் நின்னாங்க. சாத்துன்னாரு அப்பா. சாக்பீஸ் கதவுதானே? கையைத் தூக்கினாங்க. அப்படியே இறக்கிட்டாங்க. அடுப்புல ஏதோ தீயுதுன்னு உள்ள போயிட்டாங்க. அடுப்பே பத்த வைக்கல. அப்பா போய் ஈரத்துணியை எடுத்துட்டு வந்து உள்பக்கக் கோட்டை அழிச்சாரு, வெளிப்பக்கமா வரைஞ்சாரு. அதோ, அழிச்ச தடம் இன்னும் இருக்கு பாருங்க.

கேக்குதா உங்களுக்கு? ஆமா, தண்ணி சத்தம்தான். அம்மா குளிக்கிறாங்க. இந்த நேரத்துக்கு அப்பா தினமும் தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வரேன்னு கிளம்பிடுவாரு. நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்க. ஆம்பளைக் குரல் கேட்டா பதறிடுவாங்க, பதறினா கால் அந்தப் பளபளா தரையில நிக்காது. அதான் தலைவலின்னேன்.

அட, நீங்க ஏன் தலையைக் குனியுறீங்க, உங்க தப்பா என்ன? இன்னும் ரெண்டு மூணு மக் தண்ணிதான். அதுவரைக்கும் மெதுவா சொல்லுங்க, அந்தச் செடியை எந்த மூலையில வைக்கலாம்?