பின் அடித்த பக்கங்கள்

ஹலோ... அக்கா, நான்தான். பேசலாமா?... ஸ்கூல்லதான், லேப்ல... ஆமா, தனியாத்தான். ஸ்டாஃப் ரூம்ல நான் நுழைஞ்சாலே பேச்சு நின்னுபோகுது.

... அழல. சளி.

... சொல்றேன், இரு. ஒன்பதாம் வகுப்புக்குப் பால்வினை நோய் பாடம் எடுத்தேன்... கத்தாத! ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?... ஐயோ, உன் மாமியார் பக்கத்துலயா?... மாடிக்குப் போ முதல்ல.

... ம். உனக்குக் கேட்கவே கூசுதுன்னா எடுத்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? பாதிப் பாடம் போர்டைப் பார்த்தேதான் சொன்னேன்... சிரிக்காத.

... இல்லக்கா, அந்தப் பாடம் வர்ற ரெண்டு பக்கத்துக்கும் ஸ்டேப்ளர் பின் அடிச்சுத்தான் இங்க புத்தகமே குடுப்பாங்க. வருஷா வருஷம் அப்படித்தான். நான் பிரிக்கச் சொன்னேன். ஒருத்திக்கு நகக்கண்ணுல குத்தி ரத்தம். அவங்கம்மா சண்டைக்கு வந்தாங்க, எல்லாம் வெளிய வந்துடுச்சு.

... ஆமா, ஆமா. ஹெச்.எம். கூப்பிட்டாங்க. நாளைக்குக் காலைல பிள்ளைங்க முன்னாடி நின்னு, "நான் சொன்னதெல்லாம் தப்பு, மறந்துடுங்க"ன்னு சொல்லணுமாம். இல்லேன்னா வேலை போயிடும்.

... "ஒரு வார்த்தைதானே, சொல்லிடு"ங்கறியா?

... என்னைப் பேச விடு. பாடம் முடிஞ்சதும் ஒரு பொண்ணு வந்தா. வகுப்புல வாயே திறக்காதவ, என்னை மாதிரி. "ஒருத்தங்க மட்டும் மருந்து சாப்பிட்டா போதுமா மிஸ்? எங்கம்மாவுக்குத் திரும்பத் திரும்ப வருது"ன்னா... ம்... அப்பாவும் டாக்டரைப் பார்க்கணும், ரெண்டு பேருமே மருந்து சாப்பிடணும்னேன். வீட்ல போய்ச் சொல்றேன்னு தலையாட்டினா. நாளைக்கு நானே தப்புன்னு சொன்னா அந்தம்மா கதி?

... அவளை மட்டும் தனியாக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவா? அவ வந்து கேட்டா. கேட்காமயே உக்காந்திருக்கறவங்களை எப்படிக் கூப்பிடறது?

... கல்யாணப் பேச்சை ஏன் இதுல இழுக்கற?... மாப்பிள்ளை வீட்ல விசாரிக்கட்டும்... "இதைப் போய் பாடம் எடுத்தவளா"ன்னு கேட்டா, ஆமான்னு சொல்லு.

... இல்லக்கா... இல்ல... தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

... அம்மாவை விடு, நீ என்ன நினைக்கற?

...

கோவமா? திட்டணும்னா திட்டு. வச்சிடாத. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துட்டு உக்காந்திருக்கேன். நீ ஒண்ணும் பேச வேணாம். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சும்மா லைன்ல இரு...

ஹலோ?... அக்கா?