முப்பது வினாடி அசையாமல்

நீங்கள் கொடுத்த மேசையில் ஒரு கால் குட்டை. நீங்கள் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் ஒரு காகிதத்தை எட்டாக மடித்து அதன் அடியில் வைத்துவிட்டேன். இனி ஆடாது. காகிதம் உங்களுடையது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"மனசுல இருக்கிறதை அப்படியே எழுதிக் குடுங்க, போதும்" என்றீர்கள். மனதில் இருப்பதை எழுத எனக்கு வராது, மேடம். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். "தலையைத் தூக்குங்க, கண்ணை மூடாதீங்க" என்பதற்கு மேல் ஒரு நாளில் நான் பேசுவது குறைவு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நாற்சந்தியில் மூன்றாவது மாடியில் ஸ்டுடியோ வைத்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. அந்த வருடம் எதிர்ச் சாரியில் இருந்த ஐஸ் பேக்டரியை இடித்தார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். பத்தே நாளில் அதன் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறந்துபோனது. அது என்னை உறுத்தியது. வருடத்துக்கு ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். ஒரே மொட்டைமாடி, ஒரே கேமரா, பிப்ரவரி பன்னிரண்டு, காலை ஏழு இருபது. நாற்பது வருடம், நாற்பது படம். கேமராவின் முக்காலி இம்மியும் நகராமல் இருக்கத் தளத்தில் மூன்று குழி வெட்டினேன். படத்துக்குள் வரும் எதையும் தொடக்கூடாது என்று எனக்கு ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் குறைய லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி முப்பது வினாடி திறந்து வைப்பேன். அந்த முப்பது வினாடியில் நடப்பவர்கள், பஸ், சைக்கிள் எல்லாம் கரைந்து புகையாகிவிடும். நிற்பது மட்டும் நிற்கும். எனக்கு வேண்டியது நகரம், ஜனங்கள் அல்ல.

பதினெட்டாவது படம் எடுக்க நின்றபோது, ஏழு பத்தொன்பதுக்கு, ஒரு பஸ் சைக்கிள்காரர் ஒருவரை அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. கீழே ஒரே கூச்சல். ஏழு இருபதுக்கு நான் லென்ஸைத் திறந்தேன். படத்தைக் கழுவிப் பார்த்தபோது ஓடி வந்தவர்கள், தூக்கப் பார்த்தவர்கள், தலையில் அடித்துக்கொண்ட பெண் எல்லோரும் புகை. நடுவில் கிடந்தவர் மட்டும் சட்டைப் பொத்தான் வரை துல்லியம். நான் அதிலேயே வெகுநேரம் பார்வையை வைத்திருந்தேன்.

மாறுவதைப் படம் எடுக்க மாறாத ஒன்று வேண்டும். இல்லையென்றால் போன வருடப் படத்தோடு இந்த வருடப் படத்தை எதைக் கொண்டு பொருத்துவது? எதிர் மூலையில் தையல்காரரின் மாடி ஜன்னல் இருந்தது. அதன் இடது கீழ் முனை கேமராவின் சிலுவைக் கோட்டில் வந்து உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக உட்காரும். சினிமாக் கொட்டகை போனது, அச்சகம் போனது, மரங்கள் போயின, மேம்பாலம் வந்தது, கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. ஜன்னல் இருந்தது.

முதல் படம் எடுத்த மறுநாளே தையல்காரர் என் மாடி ஏறி வந்துவிட்டார்.

"என்னங்க போட்டோக்காரரே, எங்க ஜன்னலுக்கே குறி வெக்கிறீங்க? பொண்ணு பாக்க வந்தீங்களா? எனக்கே இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

அவரை நான் மாஸ்டர் என்று கூப்பிடுவேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் அவர் துணி வெட்டுவார். அடுத்த வருடத்திலிருந்து பிப்ரவரி பன்னிரண்டு காலையில் தலைவாரி, கழுத்தில் அளவு நாடாவோடு ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் கேட்கவில்லை, அவராகவே உட்கார்ந்தார். கல்லாக உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நினைப்பு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வருடமும் முகம் கலைந்திருக்கும்.

"முப்பது வினாடி ஆடாம இருக்க மனுஷனால ஆகுமாங்க? மூச்சுன்னு ஒண்ணு இருக்கே" என்பார். "வருஷா வருஷம் என் மூஞ்சியை அழிச்சு வெக்கிறீங்க. என் சம்சாரம்கூட என்னை இவ்வளவு நாசம் பண்ணதில்லை."

பதினாறாவது வருடம் அதே தேதியில் என் மனைவிக்கு ஆபரேஷன். ஏழு இருபத்தொன்றுக்கு மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டிருந்தது. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. அந்தத் தேதிக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வருடம் நகர மண்டபத்தார் என் படங்களைப் பார்த்தார்கள். நாற்பதும் முடியட்டும், பெரிய கூடத்தை உங்களுக்கே ஒதுக்குகிறோம் என்றார்கள். அப்போது முப்பத்தேழு முடிந்திருந்தது. கண்காட்சிக்குப் போட்டுக்கொள்ள மாஸ்டர் தானாகவே எனக்கு ஒரு கோட்டு வெட்டினார். அக்டோபரில் ஒரு மதியம், ஒரு கை மட்டும் வைத்துத் தைத்திருந்த அந்தக் கோட்டை எனக்கு மாட்டி, குண்டூசி குத்திக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் குடுக்கிறதா பேசி முடிச்சாச்சுங்க. அடுத்த வாரம் கையெழுத்து. ஜனவரில இடிக்கிறாங்க. மக வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். இந்தப் படி ஏற முழங்கால் கெஞ்சுது."

"இன்னும் மூணு வருஷம் பொறுத்துக்கக் கூடாதா மாஸ்டர்?"

"எதுக்கு? உங்க படத்துக்கா?" வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்ல ஆளுங்க நீங்க. கையை ஆட்டாதீங்க, ஊசி குத்தும்."

சொல்லிவிட்டு இரண்டு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கோட்டின் கீழ் விளிம்பை அளக்கக் குனிந்தார்.

என் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். அந்த நாற்சந்தியில் கொஞ்ச காலமாவது இடிபடாமல் நின்ற கட்டடங்களுக்கெல்லாம் ஒரே காரணம்தான். சொந்தக்காரர் உயில் எழுதாமல் இறந்திருப்பார். பிள்ளைகள் கோர்ட்டில் இருப்பார்கள். அச்சகம் அப்படித்தான் பதினாலு வருடம் பூட்டிக் கிடந்தது. மனைவியை முன்பே இழந்த மாஸ்டருக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை. இருவருக்கும் அவ்வளவாக ஆகாது. இஸ்திரிப் பெட்டி என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் ஆறிக் கிடந்தது.

மூன்று முறை அடித்தேன். முதல் அடிக்கு அவர் என் காலைக் கட்டிக்கொண்டார். பேண்ட்டுக்கு அளவு எடுப்பதைப் போலத்தான் இருந்தது. பிறகு மாடிப்படிக்கு இழுத்துப் போனேன். மெதுவாக இறக்கினால் விழுந்த மாதிரி இருக்காது என்பதால் மேலிருந்தே விட்டேன். இறங்கிப் பார்த்தால் மார்பு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். பதினோரு நிமிடம். வாய் ஓயாத மனிதர் என்னோடு முதன்முறையாகப் பேசாமல் இருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதினால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் பிடித்திருந்தது.

இஸ்திரிப் பெட்டியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலிக்காரர் படியில் விழுந்தார் என்று டாக்டர் எழுதினார். வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தனவாம். தையல்காரர் வாயில் குண்டூசி இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது மகளிடம், "மாடியை உனக்குத்தாம்மா தரணும்னு சொல்லிட்டிருந்தார்" என்றேன். நாலு நாள் கழித்து மகனிடம், "வீடு மொத்தமும் பையனுக்குன்னு வாய் நிறையச் சொல்வாரப்பா" என்றேன். ஒரு மாதத்தில் வழக்கு. வீட்டுக்குப் பூட்டு. ஜனவரி வந்தது; யாரும் இடிக்கவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிப்ரவரி பன்னிரண்டு காலை ஆறு நாற்பதுக்குக் கேமராவைக் குழியில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் எதிரே ஜன்னல் திறந்திருக்கிறது. மகன் நின்றுகொண்டிருந்தான். இறங்கி, தெருவைக் கடந்து, மேலே போனேன். ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

"வாங்க மாமா" என்றான். சின்னப் பிள்ளையிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். "கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பத்து மணிக்குக் கையெழுத்து. அக்காவும் நானும் ராசியாயிட்டோம்."

"நல்லது" என்றேன்.

"நேத்து ரெண்டு பேரும் உக்காந்து மனசு விட்டுப் பேசினோம், மாமா. அவகிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீங்க, என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீங்க. ஏன் மாமா? அப்பாவுக்கு உங்களை விட்டா வேற யாரு இருந்தாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான். சுவர்க் கடிகாரத்தில் ஏழாக எட்டு நிமிடம் இருந்தது. துணி வெட்டும் பெரிய கத்தரி மேசை மேல் இருந்தது.

கழுத்தின் இடப்பக்கம் குத்தினேன். வலுவான ஆள், என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். என் முன்பல் அப்போதுதான் உடைந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னது பொய், திருத்திக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. "அக்கா" என்று ஒரு தடவை சொன்னான். மூன்றாவதுக்குப் பிறகு அடங்கிவிட்டான்.

அவனை ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்தேன். சரியாமல் இருக்க லைனிங் துணியைக் கக்கத்தின் கீழ் கொடுத்துப் பின்னால் இறுக்கினேன். காயம் தெரியாமல் மாஸ்டரின் அளவு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். தலை வாரிவிட்டேன். அப்பா ஜாடை அப்படியே இருந்தது. சட்டையில் ரத்தம் தெரியாமல், வேறு கடையில் மீதிக் கையைத் தைத்து வாங்கியிருந்த மாஸ்டரின் கோட்டை இறுகப் பொத்தான் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து என் மாடி ஏறியபோது ஏழு பதினெட்டு. ஏழு இருபதுக்கு லென்ஸைத் திறந்தேன்.

பதினொன்றரைக்கு மகள் வந்து தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "டேய், அங்க எல்லாரும் காத்திட்டிருக்காங்க, நீ ஜன்னல்ல உக்காந்து காத்து வாங்குறியா?" என்று கத்தினாள். பதில் வராததால் சிரித்துக்கொண்டே திட்டினாள். பிறகு படி ஏறினாள். அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நீங்கள் தெருக்காரர்களிடம் விசாரித்திருப்பீர்கள்.

மாலையில் நீங்கள் என் ஸ்டுடியோவுக்கு வந்தது யாரையாவது பார்த்தேனா என்று கேட்கத்தான். படம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நானேதான் எடுத்துக் காட்டினேன். ஏழு இருபதுக்குப் பையன் உயிரோடு உட்கார்ந்திருந்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள் என நினைத்தேன். நீங்கள் மற்ற முப்பத்தேழையும் கேட்டீர்கள். தரையில் வரிசையாகப் பரப்பி, பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்.

"அப்பா உக்காந்திருக்கிற எல்லாத்துலயும் அவர் மூஞ்சி கலைஞ்சிருக்கு. இதுல மகனோட கண் இமை வரைக்கும் எண்ணலாம் போல இருக்கே. எப்படிங்க?"

முப்பத்தெட்டு வருடத்தில் என் படங்களை இவ்வளவு கவனமாகப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். அந்த மரியாதைக்காகவே ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அந்த வீட்டுக்கு நீங்கள் உங்கள் கையாலேயே சீல் வைத்தீர்கள். கொலை வழக்கு முடியக் குறைந்தது மூன்று வருடம் ஆகும் என்று என் வக்கீல் சொல்கிறார். அதுவரை ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட முடியாது. அதற்கு உங்களுக்கு நன்றி. கேமராவும் கறுப்புக் கண்ணாடியும் ஸ்டுடியோ அலமாரியில் இருக்கின்றன. மாடியில் மூன்று குழிகளும் இருக்கின்றன. இன்னும் இரண்டு பிப்ரவரி பன்னிரண்டு பாக்கி. யாரையாவது அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையனை நான் பலவந்தமாக உட்கார வைத்ததாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது சரியில்லை. முப்பது வினாடி ஆடாமல் உட்காருவது அவன் அப்பா ஆயுசு முழுக்க முயன்றும் முடியாத காரியம். அவன் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தான் என்று படத்தில் பாருங்கள்.