ஈயக்குண்டுச் சரம்

நெத்திலிக் குழம்பில் உப்பு குறைவு என்றார். என் கணவர் அருள்பிரகாசம் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

குப்பத்தில் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார்கள். நான் கூடவே இருந்தவள்.

1968. மின்கம்பம் வராத எங்கள் குப்பத்துக்கு, பழைய படகொன்றின் நீராவி இன்ஜினையும் ஒரு டைனமோவையும் கோத்து அவர்தான் மின்சாரம் கொடுத்தார். பாய்லருக்குச் சவுக்குக் கட்டை. நாற்பது வீட்டுக்கு வெளிச்சம். அழுத்தம் மிஞ்சினால் பாய்லர் வால்வு தானே திறக்கும். உஸ்... விளக்குகள் கொஞ்சம் மங்கும்.

அன்று குப்பத்து வலைக்காரன் சுயம்பு மகளுக்குக் கல்யாண விருந்து. ஒரு நொடிகூட மங்கக் கூடாதென்று அவன் மூன்று முறை வந்து சொல்லிவிட்டுப் போனான். அவரோ வால்வில் கை வைக்க முடியாது என்றுவிட்டார்.

மணி ஏழு. இன்ஜின் கொட்டகை வாசலில் அவரைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு உப்பெடுக்க வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது எண்ணூர் சாலையில் ஒரு ஆள் இல்லை; எல்லாரும் விருந்தில். தூரத்தில் விளக்குகள் பளீரென்று வெளுத்தன... இன்னும் வெளுத்தன. அந்த உஸ் மட்டும் கேட்கவேயில்லை.

பிறகு வெடித்தது.

அருள்பிரகாசம் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றான் சுயம்பு. ஊரே தலையாட்டியது. கல்லறைக்கு ஒருவரும் வரவில்லை.

நாற்பதாம் நாள், ஏழு மணிக்கு, சுயம்பு வீட்டு பல்பு எரிந்தது. டைனமோ காயலான் கடைக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. பல்பைக் கழற்றினான். வெறும் ஹோல்டரிலிருந்து உஸ்... சவுக்குப் புகை நாற்றம்.

அதற்கு மூன்றாம் நாள் என் வாசலில் வந்து நின்றான்.

"வலை ஈயக்குண்டை வால்வு கம்பில நான்தான் மாட்டுனேன். வால்வு தெறக்காம பளிச்சுனு எரியட்டுமேன்னு... உன் வூட்டுக்காரரைப் போவச் சொல்லு, தங்கச்சி."

"மாதா கோயில் மணி அடிச்சு ஊரைக் கூட்டு. அங்க சொல்லு."

"சம்மந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க?"

"அப்ப வூட்டுக்குப் போண்ணே. வெளக்கு எரிஞ்சிகினு கீது."

போனான்.

காலையில் கட்டிலில் செத்துக் கிடந்தான். உடம்பு முழுக்க வெந்திருந்தது. பாய் நனையவில்லை. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. மூடிய கைக்குள் ஈயக்குண்டுச் சரம். பிரித்தெடுத்த போலீஸ்காரர் கையை உதறினார். அதன் பிறகு யாரும் தொடவில்லை. நான் முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன்.

ஏழு வருடமாக உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் சுடுகிறது.