கேட்காமல் கொடுத்த இடுக்கி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் தள்ளிக்கொள்ளுங்கள். நடந்ததையே ஒரு கதையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு வருடம் பெரிய டாக்டருக்கு எதிரே நின்று கருவி எடுத்துக் கொடுத்தவள் நான். வயிற்றிலுள்ள பெரிய இரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கினால், வயிற்றைத் திறந்துதான் சரிசெய்வார். வாய் திறக்காமல் கையை நீட்டுவார். எந்த இடுக்கி என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்கூட அப்படி என்னை நம்பிக் கை நீட்டியதில்லை.

அப்புறம் கம்பி வந்தது. தொடையில் சின்னத் துளை, அதன் வழியே கம்பியைச் செலுத்தி வீக்கத்துக்குள் ஒரு செயற்கைக் குழாய், மூன்றாம் நாள் வீடு. பக்கத்தில் நிற்க, கம்பி வேலை மட்டும் படித்த ஒரு சின்ன நர்ஸ் பெண்ணை டாக்டர் வைத்துக்கொண்டார். என்னை ஸ்கேன் ரிப்போர்ட் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"இனிமே கால் கடுக்க நிக்க வேணாம்க்கா" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண்தான். அவளோடு பேசும்போது டாக்டர் சிரிப்பார். என்னோடு இரண்டு தடவை சிரித்திருக்கிறார்.

குழாய் வைத்தவர்கள் வருடாவருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும். குழாயோரம் இரத்தம் கசிந்தால் வீக்கம் மறுபடி வளரும். கசிவு காட்டும் ரிப்போர்ட்டை அன்றைக்கே டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. ஒரு தையல்காரருக்குக் கசிவு இருந்தது. அப்போது கம்பி வழியாகவே அடைத்திருக்கலாம். அந்தப் பெண் எடுத்துக் கொடுத்த குழாய். நல்ல ரிப்போர்ட்டுகளோடு அதையும் அடுக்கிவிட்டேன்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"இருக்குண்ணே. போய்த் தைங்க."

ஏழு மாதம் கழித்து அவரை வயிற்றுவலியோடு தூக்கி வந்தார்கள். இனி கம்பி உதவாது. திறந்து, அந்தக் குழாயைப் பிய்த்தெடுக்க வேண்டும். அந்தப் பெண் திறந்த வயிற்றைப் பார்த்ததே இல்லை.

"பெரிய சிஸ்டரக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

கை நீண்டது. கொடுத்தேன். தையல்காரர் பிழைத்தார், என்னால் பிழைத்தார் என்றுதான் சொல்வேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர் சிரித்தார். "நீங்க இல்லேன்னா இன்னைக்கு அவ்வளவுதான் சிஸ்டர்."

அதன்பிறகு இன்னும் நான்கு கசிவு ரிப்போர்ட்டுகள் அதே அடுக்குக்குப் போயின. அந்த நால்வரில் இரண்டு பேர் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார்கள். அவர்களுக்கும் கடைசிவரை கை நடுங்காமல்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அடுக்கைக் கலைத்துக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். டாக்டர் மறுபடி என்னைக் கூப்பிடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. பொறாமை மனுஷரை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது பாருங்கள்.

உங்கள் வீடு நோய்நொடியில்லாமல் தழைக்கட்டும். அப்படியே யாராவது படுத்தாலும், என்னைப்போல் அக்கறையாகப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வாய்க்கட்டும்.