என் ஒசரத்துக்கு ஒரு பலகை

"என் ஒசரத்துக்கு ஒரு பலகை வாங்கிடுப்பா."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா செல்போனில் இப்படிச் சொன்னதும் நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன். பஸ் சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த அவர் கணவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே கேட்டார்.

"யாரு? என்னா பலகை?"

அந்த அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஜெர்மனியிலேர்ந்து நம்ம புள்ளயோட ரூம்மேட்டுங்க. இவன் பொறந்தநாளுக்கு, பனியில நின்னுகிட்டே சறுக்குற பலகை வாங்கித் தரப்போறானாம். இவனுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒசரத்த நம்மகிட்ட கேக்குறான்."

"அதுக்கு ஒன் ஒசரம் எதுக்கு?"

"பலகைய நிக்கவச்சா, புதுசா கத்துக்கறவனுக்குத் தாடை வரைக்கும் வரணுமாம். வேகமா போறவனுக்கு மூக்கு வரைக்குமாம்."

"அப்ப மூக்குன்னு சொல்லு. எம்புள்ள வேகமாத்தான் போவான்."

"ரோட்ட கிராஸ் பண்ணவே ரெண்டு பஸ்ஸு போவட்டும்னு நிப்பான் அவன். தாடையே ஜாஸ்தி. ஏர்போர்ட்டுல கட்டிப்புடிச்சப்ப என் உச்சந்தலை அவன் தாடைகிட்டதான் இருந்துச்சு."

மறுபடியும் போனைக் காதில் வைத்தார்.

"தம்பி, அஞ்சடி ஒரு இஞ்சுப்பா. பெத்தவங்க நாங்க இங்க கெடக்குறோம், அவன் பொறந்தநாளுக்கு நீ கடை கடையா அலையிற. நீ நல்லா இருக்கணும்யா. என்னாலதான் வர முடியல. என் ஒசரத்துல ஒண்ணாவது அவன்கூட இருக்கட்டும்."

கணவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"குடு. நானும் ஒரு தேங்க்ஸ் சொல்லிக்கிறேன்."